கரிக்கு இடம் விட்ட ஊர்

ஜெர்மனிக்குப் போகிறேன் என்ற செய்தி விருத்தாசலத்தில் பரவியதும் ஆளுக்கொன்று கேட்டார்கள். கம்பெனியில் மண் அரைக்கிறவர் நல்ல சவரக் கத்தி வேண்டும் என்றார். எதிர்வீட்டு வாத்தியார் பெர்லின் சுவரில் ஒரு துண்டு கேட்டார், ஏதோ நான் கடப்பாரையோடு போகிற மாதிரி. என் மனைவி, "காதை மூடிக்கிட்டுப் போங்க, ஒங்களுக்குச் சளி புடிச்சா வூடே தாங்காது" என்றாள். அக்கா மட்டும் பொருள் எதுவும் கேட்கவில்லை. ஒரு கேள்வியைக் கொடுத்தனுப்பினாள்.

அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் கம்மாபுரத்துக்கு அந்தப் பக்கம். பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் வருஷத்துக்கு வருஷம் நகர்ந்து, அவள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் கரும்புக்கொல்லை வரை வந்துவிட்டது. அடுத்தது தெருதான். மாற்று இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பாதித் தெரு போகத் தயார். மாமாவும் தயார். அக்கா, "நான் வரல, நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவாள். தை பிறந்ததும் முடிவு சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசி மாதக்கணக்காகிவிட்டது.

நான் சொல்லிக்கொள்ளப் போனபோது அக்கா புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கொல்லைப்பக்கம் சுரங்க மிஷின் உறுமிக்கொண்டிருந்தது.

"அந்த ராட்சச மிஷினு ஜெர்மன்காரன் மிஷினுதான தம்பி?"

"ஆமாங்க்கா. அங்கதான் செய்யறாங்க."

"அப்ப அது அவன் ஊரையும் தோண்டாமயா இருக்கும். அங்க இருந்தவங்க எங்க போனாங்க, போன எடத்துல எப்பிடி இருக்கறாங்கன்னு பாத்துட்டு வா. ஒங்க மாமாவுக்கோசரம் சொல்லாத, எனக்கோசரமும் சொல்லாத. பாத்ததச் சொல்லு."

மாமா மொபெட்டைத் தள்ளிக்கொண்டே பஸ் நிற்கும் இடம் வரை கூட வந்தார். "மாப்ள, நல்லதா நாலு வார்த்த சொல்லுங்க. ஒங்க அக்கா ஒங்க பேச்சத்தான் கேப்பா" என்றார். இருவருக்கும் தலையாட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ரெண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

என் உத்தியோகம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பீங்கானில் ஃபியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் செய்யும் கம்பெனியில் சூளை மேற்பார்வை. எங்கள் சூளை கரியில் எரிவது. ஜங்ஷனில் வேகனில் கரி வந்திறங்கினால் கையில் ஒரு கட்டியை எடுத்துப் பார்த்து, இது எத்தனை சாம்பல் கக்கும் என்று கவலைப்படுவது என் பிழைப்பு. முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. கிழக்கு ஜெர்மனியில் சுவர் இடிந்த பிறகு பீங்கான் ஆலைகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றின் சூளையைப் பார்க்காமலே விலை பேசிவிட்டார். தண்டவாளத்தில் சரக்கு வண்டி உள்ளே போய் வெந்து வெளியே வரும் வகைச் சூளை. பிரிக்கிறபோது பாகத்துக்குப் பாகம் குறி போட ஆள் வேண்டும். இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்குச் சூளை தெரியவில்லை, அதனால் என்னை அனுப்பினார்.

விமானத்தில் கொடுத்த சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ரயிலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நான் ஜங்ஷனில் பிறந்து வளர்ந்தவன். ரயிலில் மட்டும் ஏமாற மாட்டேன் என்ற திமிர் எனக்கு உண்டு. அந்த ஊர் ரயிலோ வழியில் ஒரு ஸ்டேஷனில் நின்று, சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்து, முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி ஒரு பக்கமும் போய்விடுகிறது. நான் பின்பாதியில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தேன். பெயர் வாயில் நுழையாத ஒரு ஸ்டேஷனில் என்னை இறக்கிவிட்டார்கள். டிக்கெட் கவுண்டரில் இருந்த அம்மாள் என் காகிதத்தைப் பார்த்து, ஆலைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, பால் இல்லாத டீ ஒன்றைக் கொடுத்து உட்காரவைத்தார்.

பெட்டிக்கடையில் சுரங்க ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு பேர் சாசேஜ் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் பேச இன்னொருவர் ஆமாம் போட்டார். டீ கொடுத்த அம்மாளுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "எல்லாரும் கரியைத் திட்டுகிறார்கள். வீட்டில் சூடு கொஞ்சம் குறைந்தால் மட்டும் உடனே போன் போடுகிறார்கள் என்கிறார்." எங்கள் ஊரில் கரண்டு போனால் லைன்மேன் சொல்வதும் இதுதான். எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது.

திரும்பி வந்து சரியான ஸ்டேஷனில் இறங்கினேன். மூக்கில் முதலில் ஏறியது நெய்வேலி வாடை. எங்கள் பக்கம் லெக்கோ என்று ஒரு கரிக்கட்டி வரும், டீக்கடை அடுப்பில் போடுவார்கள். அதே வாடை, ஊர் முழுக்க, பனியோடு கலந்து நின்றது. ஐயாயிரம் மைலோ என்னவோ பறந்து வந்து கம்மாபுரம் ரோட்டில் இறங்கிய மாதிரி இருந்தது.

பிளாட்பாரத்தில் எனக்காகக் காத்திருந்தவன் யோகன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அகதியாக வந்து சில வருஷமாகிறது. ஒரு ஓட்டல் அடுக்களையில் பாத்திரம் கழுவுகிறான். ஆலைக்காரர்கள் மொழிபெயர்க்க அவனைத்தான் பிடித்திருந்தார்கள். "தம்பி, நான் மாறிப் போயிட்டது தெரிஞ்சும் வந்து கூட்டிக்கிட்டுப் போகக் கூடாதா?" என்றேன்.

"அண்ணை, நீங்கள் இந்தியாவில இருந்து இஞ்ச வரலாம். எனக்கு அடுத்த ஸ்டேசனுக்கு வர ஏலாது" என்றான். அகதிகள் அனுமதிக் கடிதம் வாங்காமல் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாதாம். நான் இறங்கிய ஸ்டேஷன் எல்லைக்கு அந்தப் பக்கம். அதைக் கோபமே இல்லாமல், பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னான். எனக்குத்தான் கேட்டது தப்பாகப் பட்டது.

தங்கியது எர்னா அம்மாவின் வீட்டில். புருஷனை இழந்தவர், எழுபதுக்கு மேல் இருக்கும், ஆலைக்கு வருகிறவர்களுக்கு ஓர் அறையை வாடகைக்கு விடுகிறார். வீடு புத்தம் புதிது. சுவரில் ஒரு ஆணி அடித்த தடம் கூட இல்லை. கூடத்தில் பச்சை மெருகு ஓடுகள் பதித்த ஆளுயர அடுப்பு ஒன்று நின்றது. அறையைச் சூடாக்கக் கரி போட்டு எரிக்கும் அடுப்பு. ஓடு ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தேன். அந்த மெருகை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. அதன் தலையில் ஒரு பூந்தொட்டி வைத்திருந்தார்.

சாப்பாடு உருளைக்கிழங்கு. கூடவே கெட்டித் தயிர் மாதிரி ஒன்று, அதன்மேல் ஆளிவிதை எண்ணெய். தயிர்சாதம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு சாப்பிட்டேன். என் பையிலிருந்து மனைவி கொடுத்த புளிக்காய்ச்சலை எடுத்து உருளைக்கிழங்கில் போட்டுக்கொண்டபோது எர்னா அம்மாவும் தட்டை நீட்டினார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் கொஞ்சம் கேட்டார்.

மறுநாள் ஆலைக்குப் போனேன். சூளை நன்றாகவே இருந்தது, முதலாளி அதிர்ஷ்டக்காரர். பிரித்துக் கொடுக்க வந்தவர்கள் அதே ஆலையில் வேலை பார்த்தவர்கள்தான். கதவை இறக்கும்போது ஒருவர், பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற தகப்பன் மாதிரி, இதை எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும், ஈரம் ஆகாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இங்கே ஏன் மூடினீர்கள் என்று கேட்டேன். மேற்கே இதைவிட மலிவாகச் செய்கிறார்கள் என்றார். சுரங்கத்துக்கும் அதே கதி வந்துகொண்டிருக்கிறதாம். இந்தப் பழுப்புக் கரியை வெட்டி எடுப்பதைவிட வேறு கண்டத்தில் வெட்டிய கரியைக் கப்பலில் கொண்டுவருவது லாபமாம். எங்கள் சென்னைத் துறைமுகத்திலும் கப்பலில்தான் கரி வந்திறங்குகிறது என்றேன். "பூமியெங்கும் ஒருத்தன் கரியை இன்னொருத்தன் எரிக்கிறான்" என்றார். யோகன் அதை மொழிபெயர்த்துவிட்டு, தன் சொந்தக் கருத்து போலத் தலையாட்டினான்.

அக்காவின் கேள்வி நினைவில் இருந்தது. இங்கே கரிக்காக இடம் பெயர்த்த ஊர் ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா, போய்ப் பார்க்க முடியுமா என்று யோகனிடம் கேட்டேன். அவன் நின்று என்னைப் பார்த்தான்.

"என்ன அண்ணை, நீங்கள் படுத்து எழும்பிறதே அந்த ஊரிலதானே."

சொன்ன பிறகுதான் கண் திறந்தது. தெருவில் மரங்கள் எல்லாம் ஒரே உயரம், எல்லாம் கம்பு கட்டி நிறுத்தியவை. எந்தச் சுவரிலும் பாசி இல்லை. எந்த மூலையிலும் தெரு வளையவில்லை. இந்த ஊர்க்காரர்கள் பணக்காரர்கள் போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மாதா கோயில், கல்லறை, தீயணைப்புக் கொட்டகை எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கல்லறையில் கிடந்தவர்களையும் தோண்டிக் கொண்டுவந்து கோயிலுக்கு அதே பக்கத்தில் புதைத்திருக்கிறார்கள். எர்னா அம்மாவின் பச்சை அடுப்பும் ஓடு ஓடாகக் கழற்றி, குறி போட்டு, இங்கே கொண்டுவந்து கட்டியதுதான்.

சனிக்கிழமை எர்னா அம்மாவே எங்களைச் சுரங்கம் பார்க்கக் கூட்டிப் போனார். விளிம்பில் கம்பித் தடுப்பும் பெஞ்சும் போட்டிருந்தார்கள். கீழே நம் ஊர் மிஷின், அல்லது அதன் பெரியண்ணன், சக்கரத்தைச் சுழற்றி மண்ணைக் கடித்துக்கொண்டிருந்தது. இந்தக் கரியை நம்பித்தான் தூரத்துப் பட்டணங்கள் விளக்கெரிக்கின்றன. அடிவானத்தில் மின்நிலையத்தின் குளிர்கோபுரங்கள் வெள்ளையாக ஆவி விட்டபடி நின்றன.

பழைய வீடு எங்கே இருந்தது என்று கேட்டேன். எர்னா அம்மா விரலை நீட்டினார். பள்ளத்தைக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் காட்டியது நேர் எதிரே, வெறும் ஆகாசத்தை. மண்ணே போய்விட்டதே, வீடு இருந்த மட்டம் இப்போது காற்றுதான். அதில் சமையலறை எது, முன்கதவு எது என்று விரலாலேயே கோடு போட்டுக் காட்டினார். எனக்கு அக்கா வீடு நினைவுக்கு வந்தது. யோகன் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு சிகரெட் பற்றவைத்தான். "இவையளுக்கு விரல் நீட்ட ஒரு இடமாவது இருக்குது அண்ணை" என்றான்.

திரும்பும்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். நம்மவர்கள் யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். புது வீட்டுக்கு வந்தபோது பால் காய்ச்சினீர்களா என்று. யோகன் விளக்கிச் சொன்னான். எர்னா அம்மா இல்லை என்றார். ஊர்த்தலைவர் ரொட்டியும் உப்பும் கொண்டுவந்து கொடுத்தார், அதுதான் வழக்கம் என்றார். அந்த அடுப்பை மூட்டுவீர்களா என்று கேட்டேன். இங்கே வந்த பிறகு மூட்டவில்லை என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வீடு கட்டி, குடிவந்து, அதில் முதல் தீ என்று ஒன்று எரியாமலே இருக்கிறது. கிழவி தனியாக இருக்கிறார். நம் கையால் ஒரு நல்லது நடக்கட்டுமே என்று தோன்றியது. யோகனிடம் சொன்னேன். "பாவம் மனுசி, செய்வம் அண்ணை" என்றான்.

ஞாயிறு காலை எர்னா அம்மா மாதா கோயிலுக்குப் போனார். திரும்பி வரும்போது பால் பொங்கியிருக்க வேண்டும் என்பது திட்டம். பின்பக்கக் கொட்டகையில் பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த கரிக்கட்டிகள் அடுக்கியிருந்தன. பூந்தொட்டியை இறக்கி வைத்தேன். காகிதம், சிராய், அதன்மேல் கட்டி. அடுப்பின் நடுவில் பாத்திரம் வைக்க ஒரு மாடம் இருந்தது, அதில் பாலை வைத்தேன். குங்குமம் இல்லாததால் யோகன் மிளகாய்த்தூளால் பாத்திரத்துக்குப் பொட்டு வைத்தான். நெருப்பு வைத்தேன்.

சூளைக்காரன் முதலில் பார்க்க வேண்டியது இழுவையை. புகை போகிற வழி திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் எங்கள் கம்பெனியில் எவனாவது தீ வைத்தால் நானே அவனைத் துரத்தியிருப்பேன். இங்கே கூரைமேல் ஒரு புகைபோக்கி நிற்பதைப் பார்த்திருந்தேன். பால் காய்ச்சுகிற அவசரத்தில் அதோடு விட்டுவிட்டேன். அந்தப் புகைபோக்கி எண்ணெயில் எரியும் வெந்நீர்க் கொதிகலனுடையது. அடுப்புக்கு வழியே கிடையாது. அடுப்பின் முதுகுக்குப் பின்னால் வெறும் சுவர்.

புகை அடுப்பின் வாயிலிருந்தும் ஓட்டு இடுக்குகளிலிருந்தும் வரத் தொடங்கியது. ஜன்னலைத் திறந்தோம். அது வெளியே போய் ஊருக்குச் செய்தி சொன்னது. கொஞ்ச நேரத்தில் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. அதில் இருந்தவர்கள் எல்லாம் கோயில் உடுப்பின்மேல் தொப்பி மாட்டிக்கொண்ட ஊர்க்காரர்கள்தான். ஒருவர் நெருப்பை இரும்பு வாளியில் வாரித் தோட்டத்தில் கொட்டினார். இன்னொருவர் மாடத்திலிருந்து வெதுவெதுப்பான பாலை எடுத்து, சிவப்புப் பொட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஜாக்கிரதையாக மேஜைமேல் வைத்தார். எனக்கு அந்த நிமிஷம் விருத்தாசலத்தில் இருக்கவேண்டும் போலிருந்தது.

எர்னா அம்மா ஓடி வந்தார். பின்னால் கோயிலில் இருந்தவர்கள் முழுக்க. யோகன் திக்கித் திணறி விளக்கினான். எர்னா அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, இருமல் வரும் வரை சிரித்தார். நான் தலைகுனிந்து நின்றேன். சூளைக்காரன் என்று யாரிடமும் சொல்லாதே என்று யோகனிடம் கெஞ்சினேன். அவன் அதையும் மொழிபெயர்த்துவிட்டான்.

கடைசியாக, மூச்சிரைக்க, வீட்டுச் செருப்போடு ஒரு பருத்த அம்மாள் வந்து எர்னா அம்மாவைக் கட்டிக்கொண்டார். பெயர் லோட்டே. இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யோகன் என் காதில் சொன்னான்: "இவையள் ரண்டு பேரும் பழைய ஊரில பக்கத்துப் பக்கத்து வீடு. முந்தியெண்டா சுவரில தட்டினாப் போதும், இப்ப கோட்டுப் போட்டு ஊரின்ர மற்றத் தொங்கலில இருந்து வரவேண்டிக் கிடக்கு எண்டு சொல்லுறா."

ஏன் அப்படி என்று கேட்டேன். எர்னா அம்மாவே சொன்னார். ஊரைப் பெயர்ப்பதாகச் சொன்னபோது அவர் வரமாட்டேன் என்றிருக்கிறார். லோட்டே முதலில் போனவர்களோடு போய்விட்டார். முதலில் போனவர்கள் வேண்டியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனை தேர்ந்தெடுத்தார்கள். எர்னா அம்மா கடைசி வரை இருந்தார், கடைசியில் வந்தார், மிச்சமிருந்த மூலை மனை கிடைத்தது. அடுப்பு நிற்க இடம் விட்டுத்தான் வீடு கட்டினார்கள், அதற்குப் புகைவழி மட்டும் கூடாது என்றார்கள். இனிமேல் கரிக்குப் பதில் சூட்டுக்கு எண்ணெயும் சமையலுக்கு மின்சாரமுமாம்.

"போனது தப்பா?" என்று நேராகவே கேட்டேன். அக்காவுக்குப் பதில் கொண்டுபோக வேண்டுமே.

எர்னா அம்மா யோசித்தார். "போகாமல் இருந்திருக்க முடியாது. என் புருஷனே அந்தச் சுரங்கத்தில்தான் வேலை பார்த்தார். தனியாகப் போனேன், அதுதான் தப்பு" என்றார்.

பிறகு அந்தப் பாலை மின்சார அடுப்பில் வைத்தார். ஊரே சமையலறையில் நின்று பார்த்தது. பொங்கியபோது தீயணைப்புக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். நான் கைதட்டினேன். எல்லாரும் அந்தப் பாலில் காப்பி குடித்தார்கள். எர்னா அம்மா குடிவந்த பிறகு அத்தனை பேர் அந்த வீட்டுக்கு வந்தது அன்றைக்குத்தான் என்று லோட்டே சொன்னதாக யோகன் சொன்னான்.

கிளம்பும்போது யோகன் தன் எல்லைக்குள் இருக்கும் ஸ்டேஷன் வரை வந்தான். ரயிலில் எந்தப் பாதியில் உட்கார வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னான். அவன் ஊர் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று ஏறி உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது.

ஊருக்கு வந்ததும் சூளை வந்து சேரும் முன்பே அக்கா வீட்டுக்குப் போனேன். மழை விட்டிருந்தது. கொல்லைக் கரும்பு வெட்டிப் பெண்ணாடம் ஆலைக்கு ஏற்றியிருந்ததால், மறைப்பு இல்லாமல் மிஷின் நன்றாகவே தெரிந்தது. மாமா எனக்கு எதிரே உட்கார்ந்து, சொல்லு என்பது போலக் கண்ணால் ஜாடை காட்டினார். அக்கா டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

பார்த்ததைச் சொன்னேன். தெரு, மரம், கல்லறை, ஆகாசத்தைக் காட்டிய விரல், புகை. என் மானம் போன இடத்தில் மாமா சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

"அந்தம்மா இப்ப கரண்டு அடுப்புலதான் சமைக்கறாங்களா?"

"ஆமாங்க்கா."

"அந்தக் கரண்டு எங்கேருந்து வருது?"

"அந்தச் சொரங்கத்துக் கரியிலேருந்துதான்."

"அப்ப அவங்க ஊர எரிச்சித்தான் பால் காய்ச்சிருக்கறாங்க" என்றாள். நான் அங்கே நின்று கைதட்டிய பால் அது. கொஞ்சம் கழித்து, "ஒன் சூளையும் கரிதான தம்பி" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, கணக்குச் சரிபார்ப்பது போலச் சொன்னாள். ஆமாம் என்றேன். சங்கடமாக இருந்தது.

"போனது தப்புன்னு சொல்லலியா அவங்க?"

"சொல்லலக்கா. தனியாப் போனதுதான் தப்புன்னாங்க. கடைசியாப் போனதால மூலையில தள்ளிட்டாங்களாம். பேச்சுத் தொணைக்கு ஆளில்ல."

அக்கா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாமா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்னங்க, போயி நம்ம தெருவுல எல்லாரயும் சாயந்தரம் வரச்சொல்லுங்க." மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவள் கூப்பிட்டதும் மாமா எழுந்தே நின்றுவிட்டார்.

சாயந்தரம் தெருவே வந்தது. போகத் தயாரானவர்களும் வந்தார்கள், முரண்டு பிடித்தவர்களும் வந்தார்கள். அக்கா சொன்னது ஒன்றுதான். "நான் வரேன். ஆனா யாரும் முந்தியும் போவக் கூடாது, பிந்தியும் நிக்கக் கூடாது. தெருவு இந்த வரிசையில எப்பிடி இருக்குதோ அப்பிடியே அங்க வைக்கணும். நம்ம எல்லாரும் ஒண்ணாப் போயி அதக் கேக்கணும்." வலப்பக்கத்து வீட்டுப் பவுனம்மாதான் முதலில் சரி என்றார். அக்காவும் அவரும் குழம்புக் கிண்ணம் மாற்றிக்கொள்ளாத நாள் கிடையாது. போகத் தயாராயிருந்த ஒருவர், முன்னாடி போனால் நல்ல மனை கிடைக்கும் என்றார். "நல்ல மனையில தனியா ஒக்காந்து என்ன பண்ணப்போறீங்க" என்றார் பவுனம்மா. நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் அந்த ஆளும் வந்துவிட்டார்.

தை பிறந்ததும் தெருவே சுரங்க ஆபீசுக்குத் திரண்டு போய்க் கேட்டது. இழுத்தடித்துத்தான் நடந்தது என்றாலும் நடந்தது. மேற்கேயிருந்து கிழக்கே யார் யார் வீடு என்று சொன்னார்களோ, அதே வரிசையில் மனை அளந்து கொடுத்தார்கள். அக்கா தெருவை விட்டுக் கிளம்பிய நாளில் நான் போகவில்லை. எங்கள் புதுச்சூளையைப் பொருத்திக்கொண்டிருந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். பார்க்கத் தெம்பில்லை என்பதுதான் உண்மை.

புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போனேன். அடுப்பு மேடைக்கு மேலே புகைபோக்கி வைத்துக் கட்டியிருந்தார் மாமா. இழுவை நன்றாக இருந்தது. மேற்கேயிருந்து கிழக்கே எல்லா வீடும் சொன்னபடியே நின்றன. ஒன்றுதான் யாருக்கும் தோன்றவில்லை. பழைய தெரு வடக்குப் பார்த்தது. இங்கே ரோடு தெற்குப் பக்கம் வந்ததால் எல்லா வாசலும் தெற்குப் பார்த்தன.

மத்தியானம் அக்கா கிண்ணத்தில் குழம்பு ஊற்றி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வலப்பக்கம் திரும்பி, "பவுனு" என்று கூப்பிட்டாள்.

பதில் இடப்பக்கத்திலிருந்து வந்தது.